சம்பள ஜப்தி 24 மாதம்தான். மீதிப் பணத்துக்கு என்ன வழி?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்த பிறகு வந்த எல்.ஐ.சி. பணத்திலிருந்து 2019-ல் கணவரின் சித்தப்பா மகனுக்கு 4,50,000 ரூபாய் கடன் கொடுத்து, புரோநோட்டு எழுதி வாங்கியிருக்கிறார். "அண்ணி, நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?" என்று சொன்ன அந்த மனிதர் சில மாதம் வட்டி கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். 2022-ல் வழக்கு போட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு கோர்ட் பக்கமே வரவில்லை. 2024 ஆகஸ்டில் ஒருதலைப்பட்சமாக டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, ஆகிவிட்டது. அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து இன்றைய கணக்கில் சுமார் 6,20,000 ரூபாய் வர வேண்டும்.

கடன் வாங்கியவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மொத்தச் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டுக் கடன், பைக் கடன் தவணையெல்லாம் போகக் கைக்கு வருவது 19,000 என்கிறார். வாசகி டிகிரியை ஜெராக்ஸ் எடுத்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். கோர்ட்டிலிருந்து நேரடியாக உத்தரவு வந்தால்தான் சம்பளத்தில் பிடிக்க முடியும் என்று எச்.ஆரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் அந்த உறவினர் வாட்ஸ்அப்பில், "கோர்ட்ல டிகிரி வாங்கிட்டீங்கன்னு தெரியும், மாசம் 8,000 தர்றேன், கோர்ட்டை விட்டுடுங்க அண்ணி" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கொழுந்தனாரோ நாலு பேரோடு கம்பெனி கேட்டில் போய் நின்றால் தானாகப் பணம் வரும் என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: கடன் தீரும்வரை முழுச் சம்பளத்தையும் பிடிக்க முடியுமா? பி.எஃப். பணத்தை எடுக்க முடியுமா? பணம் தராதவரை ஜெயிலில் போட முடியுமா? இல்லை, 8,000-க்கே ஒத்துக்கொள்வதா?

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிகிரி வாங்கினால் கோர்ட்டே வசூலித்துக் கொடுத்துவிடும் என்று நினைத்துக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறார்கள். டிகிரி என்பது உங்களுக்கு இவ்வளவு பணம் வர வேண்டும் என்ற முடிவு மட்டும்தான். அதை வசூலிக்கத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட் வளாகத்தில் இ.பி. என்பார்கள். எந்தச் சொத்திலிருந்து, எந்த வழியில் வசூலிக்க வேண்டும் என்பதை அந்த மனுவில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிகிரி தேதியிலிருந்து 12 வருடம் அவகாசம் உண்டு; உங்களுக்கு 2036 ஆகஸ்ட் வரை. ஆகவே இன்னும் எதையும் நீங்கள் இழந்துவிடவில்லை.

கம்பெனி சொன்னதும் நியாயம்தான். வழக்கில் அவர்கள் ஒரு தரப்பு இல்லை. நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸை வைத்து ஒருவர் சம்பளத்தில் கை வைத்தால் அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21, விதி 48ஏ என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கோர்ட் உத்தரவு போட்டு, சம்பளம் வழங்கும் அதிகாரிக்கு அது சார்பு செய்யப்பட்ட (முறைப்படி கையில் சேர்க்கப்பட்ட) பிறகு அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. மாதாமாதம் பிடித்துக் கோர்ட்டில் கட்ட வேண்டும். பிடிக்காமல் ஊழியரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்குக் கம்பெனியே பொறுப்பு.

அவர் தொழிலாளியா, சூப்பர்வைசரா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வழக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான். அதே சட்டத்தின் 60-வது பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. அதில் தொழிலாளர்களின் கூலியும் வீட்டு வேலை செய்பவர்களின் கூலியும் இருக்கின்றன. அவை பகுதியளவு அல்ல, முழுவதுமாகவே பாதுகாக்கப்பட்டவை. தொழிலாளி என்றால் திறன் பெற்றவர், பாதித் திறன் உள்ளவர், திறன் இல்லாதவர் மூவரும் அடக்கம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. மெஷினில் நின்று கையால் வேலை செய்பவர் நல்ல சம்பளம் வாங்கினாலும், "நான் தொழிலாளி, என் கூலியைத் தொடக் கூடாது" என்று ஆட்சேபனை போடலாம்.

கடன் கேட்டு வந்தபோது நம்பிக்கைக்காக அவர் கொடுத்த பே ஸ்லிப் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள். அதைப் பத்திரமாக வைத்திருந்தது பெரிய விஷயம். பதவி என்ற இடத்தில் 'ஜூனியர் சூப்பர்வைசர், குவாலிட்டி' என்று இருக்கிறது. மற்றவர்கள் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு என்றால் அவர் வாங்குவது கூலி அல்ல, சம்பளம் என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அது பழைய ஸ்லிப். இப்போதைய பதவி என்ன, நிஜத்தில் என்ன வேலை செய்கிறார் என்பதை விசாரித்து வையுங்கள். பெயருக்கு சூப்பர்வைசர் என்றிருந்தாலும் கோர்ட் பார்ப்பது செய்யும் வேலையைத்தான்.

அதே ஸ்லிப்பின் அடியில் சிறிய எழுத்தில் சம்பளப் பிரிவின் முகவரி இருக்கிறது. அது சென்னை கிண்டி. இதைக் கவனித்தீர்களா? தனியார் ஊழியர் விஷயத்தில், சம்பளம் வழங்கும் அதிகாரி எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறாரோ அந்தக் கோர்ட்தான் ஜப்தி உத்தரவு போட முடியும். தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இருப்பதோ, நீங்கள் விழுப்புரத்தில் ஜெயித்ததோ இதற்கு உதவாது. இன்றும் சம்பளம் சென்னையிலிருந்துதான் போகிறது என்றால், டிகிரி கொடுத்த கோர்ட்டில் மனு போட்டு, 39-வது பிரிவின்படி டிகிரியைச் சென்னை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். டிகிரி நகலும், இதுவரை எவ்வளவு வசூலாகவில்லை என்ற சான்றும் அங்கே போன பிறகு, அங்கே இ.பி. போட வேண்டும். தவறான இடத்தில் இ.பி. போட்டு, ஒரு வருடம் வாய்தா வாங்கி, கடைசியில் அதிகாரம் இல்லை என்று திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அரசு ஊழியர், ரயில்வே ஊழியர், உள்ளாட்சி ஊழியர் என்றால் இந்தச் சிக்கல் கிடையாது. சம்பள அதிகாரி எந்த ஊரில் இருந்தாலும் விதி 48-ன்படி உத்தரவு அனுப்பலாம்.

எவ்வளவு பிடிக்கலாம்?

முழுச் சம்பளத்தையும் பிடிக்க முடியாது. சாதாரணப் பணக் கடனுக்கான டிகிரியில், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. அதுபோக எஞ்சும் ஒரு பங்குதான் உங்களுக்கு. 52,000-ல் 1,000 போனால் 51,000. அதில் மூன்றில் ஒன்று 17,000 ரூபாய். மாதம் இவ்வளவுதான் உச்சம்.

"கைக்கு வருவதே 19,000, அதில் என்னத்தை எடுப்பீங்க?" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகக் கவலைப்படாதீர்கள். கணக்குப் போடுவது மொத்த மாத ஊதியத்தின் மேல்தான். வீட்டுக் கடன், பைக் கடன் என்று அவராக ஏற்றுக்கொண்ட தவணைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்ட முடியாது. அரசு ஊழியர்களுக்கு, அரசு அறிவிக்கை மூலம் விலக்கு கொடுத்த படிகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள். அந்தச் சலுகை தனியார் கம்பெனிக்காரருக்கு இல்லை.

உங்கள் தங்கை வழக்கில் கணவரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிடித்தார்கள், எனக்கு ஏன் அப்படி இல்லை என்று கேட்கிறீர்கள். அது ஜீவனாம்ச டிகிரி. மனைவி மக்கள் சாப்பாட்டுக்கான பணம் என்பதால் அங்கே சட்டம் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே விட்டுவைக்கிறது. கைமாற்று, புரோநோட்டுக் கடனுக்கு அந்த அளவு பொருந்தாது.

24 மாதக் கெடு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி, "கடன் தீரும்வரை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும், என் காலத்துக்குப் போதும்" என்பதுதான். அப்படி வராது, சகோதரி. ஒரே டிகிரிக்காக ஒருவரின் சம்பளம் மொத்தம் 24 மாதம் ஜப்தியில் இருந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த டிகிரிக்காக அவர் சம்பளத்தைத் தொடவே முடியாது. தொடர்ச்சியாக 24 மாதம் என்றாலும், விட்டுவிட்டு 24 மாதம் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

17,000 ரூபாய் வீதம் 24 மாதம் பிடித்தால் 4,08,000 ரூபாய். உங்களுக்கு வர வேண்டியது 6,20,000. அசல் 4,50,000-க்கு டிகிரியில் 6 சதவீதம் பின்வட்டி (டிகிரிக்குப் பிறகு ஏறும் வட்டி) கொடுத்திருக்கிறார்கள். அது மட்டும் வருடத்துக்கு 27,000 வரை ஏறும். ஆக எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் 2 லட்சத்துக்கு மேல் வெளியே நிற்கும். அவர் நடுவில் வேலையை விட்டுவிட்டால் அந்தக் கம்பெனிக்குப் போட்ட உத்தரவு அதோடு முடிந்தது. புதுக் கம்பெனியைக் கண்டுபிடித்து மறுபடி மனு போட வேண்டும். வேறொருவரும் அவர் மேல் டிகிரி வாங்கி அதே சம்பளத்துக்கு வந்து நின்றால், பிடிக்கும் தொகையைப் பங்கு போட வேண்டியும் வரலாம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: சம்பள ஜப்தியைக் கடனைத் தீர்க்கும் வழியாக நினைக்காதீர்கள். கடனில் ஒரு பகுதியை நிச்சயமாகக் கொண்டுவரவும், மீதிக்கு அவரைப் பேச உட்கார வைக்கவும் உதவுகிற கருவி அது. மீதி எங்கிருந்து வரும் என்பதை இ.பி. போடுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

அந்த மீதி பி.எஃப்.பிலிருந்து வராது. வருங்கால வைப்பு நிதிக்கு 60-வது பிரிவே பாதுகாப்புக் கொடுக்கிறது. அவர் ஓய்வுபெறும்போது வாங்கும் பணிக்கொடையும் அப்படித்தான். ஓய்வுக்காலப் பலன்கள் கைக்கு வந்து வங்கியில் வைப்புத் தொகையான பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டுப் பாத்திரம், துணிமணி, படுக்கை போன்ற அத்தியாவசியப் பொருள்களையும் தொட முடியாது. ஆனால் அவர் பெயரில் மனை இருந்தால் அதை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். திண்டிவனம் பக்கம் அவர் ஒரு மனை வாங்கியதாகக் கேள்வி என்று எழுதியிருக்கிறீர்களே, சர்வே எண்ணைக் கண்டுபிடித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய வீட்டைவிட, கடன் இல்லாத காலி மனை உங்களுக்கு மேல். வீட்டில் வங்கியின் பங்கு முதலில் போய்விடும்.

சொத்து விவரம் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. கட்டளை 21, விதி 41-ன்படி, அவருடைய சொத்து விவரம் முழுவதையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்லும்படி கோர்ட்டைக் கேட்கலாம். கோர்ட் உத்தரவிட்டும் தாக்கல் செய்யவில்லை என்றால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்க முடியும். இந்த விதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. எனக்கு அது ஏன் என்றே புரியவில்லை, அவ்வளவு உபயோகமானது.

ஜெயில் பற்றி

பணம் தரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளே தள்ள முடியாது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கொடுக்க வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்காமல் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் காட்ட வேண்டும். காட்டினாலும் அதிகபட்சம் மூன்று மாதம். அந்த நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுச் செலவை நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகு கடன் அப்படியே இருக்கும், ஆனால் அதே டிகிரிக்காக மறுபடி கைது செய்ய முடியாது. இதற்குள் அவருக்கு வேலையும் போய்விட்டால் 17,000-மும் போச்சு. உங்கள் நிலைமையில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொழுந்தனாரைக் கம்பெனி கேட்டுக்கு அனுப்பவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில், கடனாளியைத் தொல்லைப்படுத்தி வசூலிப்பதே குற்றம். கையில் கோர்ட் டிகிரியோடு நிற்கிற நீங்கள், ஒரு நாள் கோபத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டியிருக்கும். அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

இ.பி. போட்டதும் அவர் என்ன செய்வார்?

ஒருதலைப்பட்ச டிகிரி என்பதால் இதை எதிர்பார்த்தே இருங்கள். சம்பளத்தில் கை வைக்கும் உத்தரவு வரும்வரை சும்மா இருந்துவிட்டு, வந்ததும் டிகிரியை ரத்து செய்யச் சொல்லி மனு போடுவார்கள். அதற்கு அவகாசம் 30 நாள்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் சேர்ந்து வரும். வழக்கமாகச் சொல்வது, "சம்மனே வரவில்லை, டிகிரி ஆனதே தெரியாது" என்று. அதனால் சம்மன் சார்பு ஆனதற்கான கோர்ட் ஆவணத்தின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள். டிகிரி தெரியும் என்று அவரே எழுதிய அந்த வாட்ஸ்அப் செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். அவர் மனு போட்டதாலேயே உங்கள் இ.பி. நின்றுவிடாது, கோர்ட் தடை கொடுத்தால்தான் நிற்கும்.

8,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்ளலாமா?

பேச்சுவார்த்தை நல்லதுதான், 24 மாதக் கெடுவைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் 8,000 குறைவு. பின்வட்டியே மாதம் 2,250 ஆகும்போது, அசலில் கழிவது கொஞ்சம்தான். ஆறரை வருடம் தாண்டியும் இழுக்கும். கோர்ட்டை விட்டுவிட்டு வெளியே பேசிக்கொள்வது அதைவிட ஆபத்து. புரோநோட்டில் வரவு வைத்தால் நோட்டுக்குப் புதிதாக மூன்று வருட உயிர் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிகிரிக்கு அப்படி இல்லை. அவர் அவ்வப்போது 8,000 கட்டுவதால் 12 வருடக் கெடு ஒரு நாள்கூட நீளாது. நாலு வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால், அந்த நாலு வருடம் உங்கள் கணக்கில் போனதுதான்.

என் யோசனை, முதலில் இ.பி. போட்டுச் சம்பள ஜப்திக்குக் கேளுங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போன பிறகு பேசுங்கள். உதாரணமாக, முன்பணமாக 1,20,000. மீதி 5 லட்சத்தை மாதம் 12,500 வீதம் 40 மாதத்தில். ஒழுங்காகக் கட்டினால் இனி ஏறும் வட்டியை விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்கலாம். அவருக்கும் இது லாபம், ஆபீசில் பெயர் கெடாது. சமாதானத்தை வெள்ளைத் தாளில் எழுதாமல், கட்டளை 21, விதி 2-ன்படி கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதற்கும் ஜப்தி தொடரலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் வரட்டும். சம்பளத்தில் எனக்குள்ள சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று அவரிடம் எழுதி வாங்க உங்கள் கொழுந்தனார் யோசனை சொன்னாராம். அப்படி எழுதிக் கொடுப்பது செல்லாது என்று 60-வது பிரிவிலேயே இருக்கிறது, அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. விழுப்புரம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இந்த வாரமே டிகிரியின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். அந்த நகல், பே ஸ்லிப், எச்.ஆர். பதில் கடிதம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு போங்கள். மனையின் சர்வே எண் பிறகு கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளலாம்.